முப்பத்திரண்டு பரிவட்டம்

கிட்ட வந்து குந்து நைனா, இன்னும் கிட்ட. சோம்பேறிப் பசங்க! ஒருத்தன் எந்திரிக்கல, ஒருத்தன்! சண்டைல பட்டணத்து மேல குண்டு போடுவான்னு பயந்து எங்க திருமழிசைக்கு வந்து நாலு நாளாவுது, உனுக்கு இந்த ஊரப் பத்தி இன்னா தெரியும்?

இன்னிக்கு துரோபதையம்மன் கூத்துக்குக் கடைசி நாளு. உச்சிக்கு பீமன் வேசக்காரன் கதாயுதத்தத் தூக்கிகினு வருவான், துரியோதனன் தொடையில அடிக்க. அதோ பாரு, மண்ணுல செஞ்ச துரியோதனன், தரையில படுத்துகினு கீறானே... தலை கீது, தோளு கீது, தொடை எங்க? எத்த அடிப்பான்? அந்த அடி உயுந்தாதான் அம்மன் கூந்தல முடியும். இல்லாங்காட்டி, திருவிழா பாதில நின்னுச்சுன்னு பூந்தமல்லிக்காரன்லாம் சிரிப்பான்!

ஏரிமண்ணு கீது, கூடை கீது. தூக்கத்தான் தலை இல்ல.

கூத்து நடத்துற நான் கூப்புடாமயா? ஊடு ஊடா போனேன். 'கூலி கெடையாது, கூத்துக்கு ஒரு கை குடுங்கப்பா'ன்னேன். மூஞ்சியத் திருப்பிகினானுங்க. சரி, ஆசை காட்டுவோம்னு, 'மொதல்ல வர்றவனுக்குப் பரிவட்டம்'னேன். கோதண்டம் ஓடியாந்தான். மேளம் அடிச்சு, மஞ்சத்துணிய அவன் தலையில கட்டினேன். ஒடனே ராமன் கேட்டான், துலுக்கானம் மொறைச்சான்... அல்லாருக்கும் கட்டிட்டேன். முப்பத்திரண்டு தலை நைனா! புளியமரத்தடில குந்திகினு கீறானுங்க பாரு, முப்பத்திரண்டு மாப்ளைங்க!

ஏன் எந்திரிக்கலயா? பரிவட்டம் கட்டின தலையில மண்கூடை ஏறக்கூடாதாம். அம்மன் குத்தமாம். யாரு சொன்னதா?... அது... போன வருசம் நாந்தான். அப்போ எனுக்கு மட்டுந்தான் பரிவட்டம். கழுத்துவலி வேற. ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அத்த இப்டி கெட்டியா புடிச்சிகினானுங்க!

அதான் உன்னக் கூப்ட்டேன். உன் தலை காலியா கீது பாரு... எங்க எந்திரிச்சிட்டே? கூடையா எடுக்கறே? தங்கமான மனுசன்! டேய், பாத்துக் கத்துக்குங்கடா! மண்ணும் ரொப்பிட்டான்!

இன்னா, என் தலைகிட்ட கை வருது? பரிவட்டம்பா அது! அய்ய, அவுக்காத... அவுத்துட்டியே! எதுக்குச் சுருட்டறே? கூடைக்கு அடில வெக்கிற சும்மாடா? யாரு தலைக்கி?... எனுக்கா?

கோதண்டம், சிரிக்காதடா! நீ எதுக்குடா உன்னுத அவுத்துச் சுருட்டறே?

நைனா... நைனா, மெதுவா ஏத்து. கழுத்துவலின்னு சொன்னேன்ல!