சமையல் மேசை ஓட்டு

ஓட்டுக் கேட்டா வந்திருக்க? உள்ள வேண்டாம் கண்ணு. குளிருதுதான், அயோவாவுல இந்த மாசம் குளிராம? இப்படியே வராண்டாவுல உக்காரு, மெதுவாப் பேசு. அந்தக் கத்தலா? டக் ராஃபர்ட்டி. ரேடியோவுல அரசியல் பேசறவர். காலையில நான் காபி போடறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருவார். சமையக்கட்டுல ஒரு ரேடியோ, படுக்கையறையில ஒண்ணு, மாட்டுக் கொட்டாயில ஒண்ணு. என் வீட்டுக்காரர் வெண்டல் கொட்டாயிலதான் கன்னுக்குட்டிக்கு மருந்து குடுத்துட்டிருக்கார். அந்த ரேடியோ நின்னுச்சுன்னா அவர் வர்றார்னு அர்த்தம். நீ கெளம்பிரணும்.

அடிப்பாரா? சேச்சே, கை நீட்டற மனுஷன் இல்லம்மா. ரிட்டயர் ஆகற வரைக்கும் ஸ்கூல் பஸ் ஓட்டினவர். ஊர்ப் பிள்ளைங்க பொறந்தநாளெல்லாம் மனப்பாடமா வெச்சிருப்பார். எனக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து குனிஞ்சு செருப்பு மாட்டிவிடறதே அவர்தான். காதுல மட்டும் டக்.

உன் நோட்டீஸ்ல இருக்கற பொண்ணா? தெரியுமே. கொரின் ஹாலோவே. நர்ஸ். மாநில சட்டசபைக்கு நிக்குது. டக்தான் தினம் வையறாரே, நம்ம ஆஸ்பத்திரிய இழுத்து மூட வந்தவளாம்னு. அது மூடக் கூடாதுன்னுதான் அந்தப் பொண்ணு நிக்கவே நிக்குது. வெண்டல்கிட்ட ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். டக்க விட உனக்குத் தெரியுமோன்னார். அன்னிக்குச் சுட்ட சோள ரொட்டியத் தொட்டுக்கூடப் பாக்கல.

என் ஓட்டா? போட்டாச்சு. தபால் ஓட்டு. தேர்தலுக்குத் தேர்தல் டக் ரேடியோவுல சமையல் மேசை நாள்னு ஒண்ணு வெப்பார். புருஷன் பொண்டாட்டி எதிரெதிர ஓட்டுச் சீட்ட விரிச்சுட்டு உக்காரணும். யாருக்குப் போடணும்னு அவர் ஒவ்வொரு பேராச் சொல்லுவார், அப்புறம் ஒரு பாட்டு. பாட்டு முடியறதுக்குள்ள அந்தப் பேருக்குப் பக்கத்துல இருக்கற வட்டத்தக் கறுப்பாக்கணும். கடைசியில ஒருத்தர் சீட்ட ஒருத்தர் வாங்கிப் பாக்கணும். குடும்பம் ஒண்ணா நிக்குதுன்னு தெரியணுமாம். அந்தப் பொண்ணு எடம் வந்தப்ப என் பேனா நின்னுபோச்சு. வெண்டல் என் கையவே பாத்துட்டிருந்தார். பாட்டு முடியப் போச்சு. அதுக்கு எதிரா நிக்கறவனுக்குக் கறுப்பாக்கிட்டேன். கவர்ல கையெழுத்தும் போட்டுட்டேன். கவர் ரெண்டும் அவர் வண்டியில கெடக்கு, சாயங்காலம் கொண்டு போய்ச் சேத்துருவார்.

தேர்தல் ஆபீஸ்ல வேற சீட்டு கேக்கலாமா? யாரு போறது? கார் சாவி அவர்கிட்ட, இந்த இடுப்போட நடக்கவும் முடியாது. நீயா கூட்டிட்டுப் போற? மகராசியா இரு. போயிட்டுத் திரும்பி நான் இங்கதானே வரணும்?

அந்த நோட்டீஸ் வேண்டாம், எங்கன்னு ஒளிச்சு வெப்பேன்? சும்மா காட்டு. முடிய வெட்டிட்டா. எளச்சும் போயிட்டா. நீ நேர்ல பாக்கறியா? ஒழுங்காச் சாப்பிடறாளா? பனிக்காலம் வந்தா நெஞ்சுச்சளி புடிச்சுக்குமே. ஹாலோவேயா? அது அவ புருஷன் பேரும்மா. நாங்க வெச்சது வெறும் கொரின்தான். டக் மொதமொதல்ல அவளத் திட்டின அன்னிக்கே அவ அப்பா சுவத்துலேர்ந்து அவ படத்தக் கழட்டிட்டார்.

கொட்டாய் ரேடியோ நின்னுருச்சு. எந்திரி கண்ணு, வேலியோரமாப் போயிரு. என்னைப் பாத்தேன்னு அவகிட்ட சொல்லாத. கதவு தட்டற வீட்டுக்கெல்லாம் ஏதோ குறிச்சுக்குவீங்களே, இங்க வீட்ல யாரும் இல்லன்னு குறிச்சுக்கோ.