அந்தமானாருக்கு ஆர் சொந்தம்

இல்ல ஐயா, கொலைகாரன் எண்டு மட்டும் எழுதிப்போடாதீங்க. செய்த கொலைக்கு இருபத்தைஞ்சு வருசம் அனுபவிச்ச மனிசன். கதிரையை இஞ்சால இழுத்துப் போட்டு இருங்க, அங்கால அடுப்புப் புகை. மரண விசாரணைக்கு வந்தவர் கண்ணக் கசக்கிக்கொண்டு இருந்தா, கனகசுந்தரம் ஐயா அழுறார் எண்டெல்லோ சனம் சொல்லும்.

ஓம், ஜமால்தீன்தான் பேர். துறைமுகத்தில எல்லாரும் அந்தமானார் எண்டுதான் கூப்பிடுறது. விடிய ஏழு மணிக்கு எங்கட அப்பக் கடைக்கு வந்திடுவார். இண்டைக்கு வரேல்ல. எட்டாச்சு, ஒம்பதாச்சு, நான்தான் அவர்ட கொட்டிலுக்குப் போய்ப் பாத்தனான். பாயில கிடந்தார். தொட்டா, சில்லெண்டு இருந்திச்சு.

சொந்தக்காரர் கையெழுத்து வைக்காட்டி அநாதைப் பிணம் எண்டு அரசாங்கம் தாட்டுப்போடும், அதுதானே சொல்லுறீங்க? விளங்குது. குளிப்பாட்டாம, தொழுவிக்காம அவரைப் போக விடமாட்டன். கொஞ்சம் பொறுங்க, அதுக்குத்தான் கதைக்கிறன்.

ஊர் தொண்டி, கடலுக்கு அக்கரையில. கலியாணம் முடிச்சு மூணே மாசம். மீன் வாடியில ஒருத்தன் இவர்ட வாப்பாவைச் செருப்பால அடிச்சிட்டான். இவர்ட கையில மீன் வெட்டுற கத்தி. ஒரு குத்துத்தான். தீவாந்தர சிட்சை எண்டு தீர்ப்புச் சொல்லி அந்தமானுக்குக் கப்பல் ஏத்திட்டான் வெள்ளைக்காரன். இருபத்திரண்டு வயசு ஐயா!

அங்க செக்கு இழுக்க மாடு இல்ல, மனிசன்தான். பொழுதுபட முந்தி இவ்வளவு தேங்காயெண்ணெய் எண்டு ஒரு அளவு. குறைஞ்சா மரத்தில சேத்துக் கட்டிவெச்சு அடி. டாக்குத்தர் பிரட்டிப் பாக்கேக்க முதுகை நீங்களும் பாருங்க. பின்னால இருந்து ஆரும் ஜமால்தீன் எண்டு சத்தமாக் கூப்பிட்டா, திண்டுகொண்டிருந்த அப்பத்தை வெச்சிட்டு எழும்பி நிண்டு சிறையில குடுத்த நம்பரைச் சொல்லுவார். துறைமுகத்துப் பெடியள் அதுக்கெண்டே கூப்பிடுவாங்க, மூதேசியள். நான் அகப்பையோட கலைப்பன்.

பன்னிரண்டு வருசம் அடங்கி ஒடுங்கி இருந்தா, சிறைக்கு வெளிய ஒரு துண்டுக் காணி குடுத்துக் குடியிருக்க விடுவாங்களாம். பொஞ்சாதியையும் கூப்பிடலாம். அரசாங்கமே கப்பல்ல கொண்டுவந்து சேக்கும். இவர் காயிதம் போட்டார். வா, வீடு கட்டிட்டன், ரெண்டு தென்னம்பிள்ளை வெச்சிருக்கிறன், கோழி இருக்கு எண்டு. அதுக்குள்ள பொஞ்சாதிட ஆக்கள் இந்தக் கரைக்கு வந்து கிண்ணியாவில குடியேறிட்டாங்க. அவட காக்கா, அதான் அண்ணன், அவர்ட்ட இருந்து மறுமொழி போச்சு. அவள் மௌத்தாப் போயிட்டாள், கிண்ணியாவில அடக்கிட்டம் எண்டு.

பிறகு அந்தத் தீவுக்குச் சப்பான்காரன் வந்து கோழியையும் திண்டு ஆக்களையும் சாகடிச்சான். சண்டை முடிய, வெள்ளைக்காரன் மிச்சத் தண்டனையை விட்டிட்டான். இவர் தொண்டியில நிக்கேல்ல, நேரா இஞ்ச. கள்ளத்தோணியிலதான் ஐயா, மறைக்கேல்ல. இனிப் பிடிச்சுத் திருப்பி அனுப்பவா போறீங்க?

எதுக்கு வந்தார் தெரியுமா? அவட கபுறைப் பாக்க. அந்தக் காக்கா கூட்டிக்கொண்டுபோய் ஒரு மண் மேட்டைக் காட்டினார். அதுவே போதும் மனிசனுக்கு. துறைமுகத்தில மூட்டை தூக்கிக்கொண்டு இஞ்சயே இருந்திட்டார். வெள்ளிக்கிழமை எண்டா தோணி ஏறிக் கிண்ணியாவுக்குப் போயிடுவார். பதினாறு வருசம், மழைக்கும் தவறேல்ல.

வருசத்துக்கு ஒருக்கா, உங்கட ஆக்கள்ட திவசம் மாதிரி, அவவுக்குப் பாத்திஹா ஓதுவிப்பார். சோறாக்கிறது ஆர்? நான்தான். என்னை அக்கா முறையில ராத்தா எண்டுதான் கூப்பிடுவார்; ராத்தா, ஏலக்காயைக் கொஞ்சம் கூடப் போடுங்க, அவளுக்கு விருப்பம் எண்டு பக்கத்திலயே நிப்பார். ஓதின சோத்தில முதல் கோப்பையைக் கொண்டுவந்து என்ட கையில தருவார். அவளுக்காகத் துஆக் கேளுங்க ராத்தா எண்டு சொல்லுவார். திங்காம ஏலுமா? திண்டன். ஒவ்வொரு வருசமும் திண்டன்.

ஏன் ஐயா எழுதுறதை விட்டிட்டீங்க?

அந்தக் கபுறுக்குப் பக்கத்தில இவரையும் அடக்கவோ எண்டா கேக்கிறீங்க? இல்ல, அங்க வேணாம். அங்க கிடக்கிறது ஆர் பெத்த பிள்ளையோ! மௌத்து எண்டு எழுதச் சொன்னது நான்தான். எனக்கு இருபத்தேழு வயசு. கொலைகாரர் குடியிருக்கிற தீவு எண்டு பயம். அந்த நேரம் பாத்து கலீலுர் றஹ்மான்ட வீட்டால பெண் கேட்டு வந்திட்டாங்க, நல்ல மனிசன், இந்த டவுனில கடை. காக்கா எழுதினார், ரெண்டு பேருமாச் சேந்து செய்தம். இப்ப காக்காவும் மௌத்து, றஹ்மானும் மௌத்து. அவர் கண்டது பதினைஞ்சு வயசு முகம், இது முக்காட்டுக்குள்ள கிடக்கிற முகம். கடைசி வரைக்கும் மட்டுக்கட்டேல்ல, ஆரெண்டு பிடிபடேல்ல. மட்டுக்கட்டித்தான் பேசாம இருந்தாரோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

குசினிக்குள்ள என்ட மகள் நஜ்முன் நிஸா நிண்டு எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறா. முதல் புருசன் உசிரோட இருக்க முடிச்ச கலியாணம் செல்லாது ஐயா. அதில பிறந்தவளை ஊர் என்ன சொல்லும் எண்டுதான் இவ்வளவு காலமும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தனான். கேக்கட்டும். அழாத மகள். உம்மாவுக்கு இனி ஏலாது.

சொந்தம் எண்ட இடத்தில பொஞ்சாதி எண்டு போடுங்க ஐயா. எனக்குக் கையெழுத்து வராது, பெருவிரல்தான். மையை இஞ்சால தாங்க.