முதலாளி கேட்டாரு, நான் சொன்னேன்

…முதலாளி பொசுக்குன்னு இறக்கி விட்டுட்டுப் போயிட்டாரு தம்பி. அந்தப் பக்கம் சவூதி, இந்தப் பக்கம் பஹ்ரைன், பாலத்து நடுவுல டீக்கடையில நான். முப்பது வருசமா அவருக்கு வண்டி ஓட்டுறேன், இன்னிக்கு அவரே ஓட்டிக்கிட்டுப் போறாரு. போயி ஒரு மணி நேரமாச்சு. எங்க முட்டி நிக்கிறாரோ… உக்காருங்க, உங்க கம்பெனி வேன் டிரைவரு பிரியாணி திங்கிறான், இப்ப வரமாட்டான்.

என்ன தப்பாச் சொல்லிட்டேன்? பின்சீட்டுல அவரும் அவரு சவூதி சேக்காளியும், பஹ்ரைன்ல ஏதோ பெரிய கூட்டத்த முடிச்சிட்டு, சேக்காளிய சவூதியில விடப் போறோம். வளைகுடா ஆறு நாடும் ஒரே நாடாகணுமாம். ஒரே பாஸ்போர்ட்டு, ஒரே காசு, எல்லாரும் ஒரே குடிமக்க. இவரு ஆமாங்கிறாரு, அவரு ஆமாங்கிறாரு. இப்பவே அவங்க அட்டையக் காட்டினாப் போதும், போயிறலாம். விசா, கைரேகையெல்லாம் நமக்குத்தான… சரி, அது கெடக்கட்டும்.

அப்பறம் நோட்டு எந்த ஊருல அடிக்கிறதுன்னு வந்துச்சு. எங்க பஹ்ரைன்லங்கிறாரு இவரு. எங்க ஊருதான் பெருசுங்கிறாரு அவரு. எங்க அரசாங்கம் எங்களுக்குக் கட்டிக் குடுக்கிற வீட்டுக்கு உங்காளும் வந்து வரிசையில நிப்பானான்னு இவரு கேக்க, உங்க செலவுக்கு எங்க எண்ணெயான்னு அவரு கேக்க…

நான் ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டிருந்தேன் தம்பி. முதலாளிதான், "வேலுச்சாமி, நீ சொல்லு, நாங்க ஒண்ணாயிரலாமா?"ன்னாரு. கேட்டாச் சொல்லணும்ல?

"முதலாளி, உங்கப்பா கட்டுன வீட்ட நீங்களும் உங்க தம்பியும் நடுவுல சுவரு வச்சுப் பிரிச்சிட்டீங்க. பெருநாளுக்குக்கூட வேற வேற வாசல். மொதல்ல அத இடிங்க, அப்பறம் ஆறு நாட்டப் பாப்போம்"னேன்.

சவூதிக்காரரு சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணி வந்துருச்சு. முதலாளி சிரிக்கல. "கலாஸ், போதும், இறங்கு"ன்னுட்டாரு.

நான் சொன்னதுல வன்மம் இல்லாமயும் இல்ல. அந்தச் சுவரு, அந்த வீட்டுல எனக்குக் குடுத்த ரூமுக்குள்ளதான் வந்துச்சு. பாதி ரூமு அவரு தம்பி பக்கம் போயிருச்சு. கால நீட்டினாச் சுவத்துல இடிக்கும். அன்னையிலருந்து மனசுல வச்சிருந்தேன். ஆனா வேலை போச்சுன்னா இந்த வயசுல எவன் நம்மள எடுப்பான்? ஊருல போயி உக்காந்தா வீட்டுக்காரி நாகவள்ளி பேச்சக் கேக்கணும்.

இருங்க… அந்த வெள்ள வண்டி நம்மளதுதான். சேக்காளிய விட்டுட்டு வந்துட்டாரு. இறங்குறாரு. பாருங்க, பின்சீட்டுக்குப் போகல, முன்னாடி என் சீட்டுக்குப் பக்கத்துல உக்காருறாரு. சேக்காளிய வச்சுக்கிட்டுத் திட்ட முடியலல்ல, இனி வீடு வரைக்கும் திட்டுவாரு. திட்டட்டும். திட்டுறாருன்னா வேலை இருக்கு.

நீங்களும் பின்னாடி ஏறுங்களேன், பஹ்ரைன் போயி குதைபியாவுல இறக்கி விடுறேன். வேத்தாளு இருந்தாக் கொஞ்சம் கொறச்சுத் திட்டுவாரு… தம்பி? டிரைவரு இன்னும் கையே கழுவல, அதுக்குள்ள வேன்ல ஏறி என்ன செய்யப் போறீங்க?