பின்பக்கம் இறங்கிய வண்டி

லோத்குண்டாவில் எங்கள் வீட்டு முன்புறத்தில் மத்தியானம் வரை நிழல் இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்க வசதியான இடம். பாதுகாப்புத் துறையில் கனரக வண்டிகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. அதனால் என் மாப்பிள்ளை சந்தீப் தன் வண்டியை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. நீங்கள் சித்தூர்க்காரர், தமிழ் வரும் என்று வாசலில் சொன்னார்கள் இன்ஸ்பெக்டர் சார். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

சந்தீப் ஹப்சிகுடாவில் காபிக் கடை நடத்தினார். கடை என்றால் கட்டடம் இல்லை, சக்கரம் வைத்த டிரெய்லர். அதைத் தன் பெரிய வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவார். பெங்களூருக்கே குடிபோகிறோம் என்று என் ஒரே மகள் ரஷ்மி ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "ரொம்ப நல்லது" என்றேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

கிளம்புமுன் ஒரு வேலை பாக்கியிருந்தது. வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து செத்துப்போயிருந்தன. அவை சாதாரண ரகமல்ல. பாரம் ஏறி வண்டி இறங்கினால், ஓட ஓடத் தாமாகவே அதை உயர்த்திச் சரிசெய்யும். தேய்ந்துவிட்டால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், முன் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறையும். வேகத்தில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் அடக்குவது கடினம். புதியவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார்.

நான் பழையவற்றைக் கழற்றினேன். மண்ணெண்ணெயில் துடைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததும் அவற்றையே திரும்ப மாட்டினேன். புதியவை எங்கள் வீட்டுப் பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கின்றன.

புதியது போட்டும் சரியாகவில்லை என்றால் இந்த வண்டி தூரப் பயணத்துக்கு லாயக்கில்லை என்று விட்டுவிடுவார், ரஷ்மியும் பக்கத்திலேயே இருப்பாள் என்று நினைத்தேன். பெற்றவன் இவ்வளவு ஆசைப்படலாம் என்றுதான் அப்போது பட்டது.

கிளம்புகிற காலையில் சந்தீப் வண்டிக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தார்.

"மாமா, இன்னும் இறங்கியேதானே இருக்கு?"

"புதுசோல்லியோ. கொஞ்ச தூரம் ஓடினா தானா ஏறிக்கும், மாப்பிள்ளை."

"இல்ல, இன்னிக்கு டிரெய்லர மாட்டிக் கிளம்ப வேணாமா? நாலு நாள் கழிச்சு எடுத்துண்டு போலாமா?"

நான் எதற்காக அத்தனையும் செய்தேனோ, அதை அவரே கையில் கொண்டுவந்து கொடுத்தார். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"தாராளமா மாட்டிண்டு போங்கோ" என்றேன்.

"ஹவ் மாமா, நீங்க சொன்னா சரி. டென்ஷன் நக்கோ" என்று, கவலை வேண்டாம் என்பதை எங்கள் ஊர் உருதுவில் சொல்லிச் சிரித்தார்.

அப்போது என் மனைவி கல்பகம் கையில் பையோடு வந்தாள். "நானும் போய்ட்டு வரேன்னா. அவ்வளவு தூரம் தனியா ஓட்டிண்டு போறார், பேச்சுத்துணையா இருக்கும். ரசம் ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

"இப்ப நீ எதுக்கு?"

"ஏன், வண்டிய நீங்கதானே பாத்தேள்?"

அதற்குமேல் தடுத்தால் காரணம் சொல்ல வேண்டிவரும். அவளை முன் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். பிறகு கேட்டைத் திறந்தேன்.

கர்நூல் தாண்டி ஒரு இறக்கத்தில் டிரெய்லர் ஆடி, வண்டியைச் சேர்த்துப் புரட்டியது. உங்கள் எல்லைதான், உங்களுக்குத் தெரியும். கல்பகம் அங்கேயே போய்விட்டாள். சந்தீப்புக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அதிவேகம் என்று நீங்கள் எழுதினீர்கள். அவரும் அதை நம்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "நான்தான் வேகமா போயிட்டேன் மாமா. அத்தைய நான்தான் கொன்னுட்டேன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மன்னிச்சுட்டேன், மாப்பிள்ளை" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். பக்கத்து வீட்டு பிந்து, இப்படியும் ஒரு மனசா என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். உடம்பெல்லாம் கூசிப்போனது. கல்பகத்துக்குக் கொள்ளி வைத்தபோதுகூட நான் அப்படிக் கூசவில்லை.

ரஷ்மி இப்போது எங்கள் வீட்டில், தன் பழைய அறையில் இருக்கிறாள். கணவனோடு பேசுவதில்லை. "அவர் மூஞ்சில உங்களால எப்படிப்பா முழிக்க முடியறது?" என்று கேட்டாள். "விடும்மா, வேணும்னா பண்ணினார்?" என்றேன். அதையும் சொன்னேன். நான் போகும்போதெல்லாம் சந்தீப் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார், வெட்கத்தில். என்னிடம் இருக்க வேண்டிய வெட்கம் அது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாக நேற்று சொன்னார். அதைக் கேட்டபிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. பஸ் ஏறி இங்கே வந்தேன்.

யாரையும் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. வண்டி ஊர் எல்லை தாண்டுமுன்னே திரும்பிவிடும் என்றுதான் நினைத்தேன்.

அப்படியானால் உங்கள் மகள் ஏன் அந்த வண்டியில் இல்லை என்று கேட்கிறீர்கள்.

நான்தான் அவளுக்கு முதல்நாள் ரயிலில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். கார்ப் பயணம் உனக்கு ஒத்துக்காது, வாந்தி வரும் என்றேன். அவளுக்கு ஒருநாளும் வாந்தி வந்ததில்லை சார்.