நடுங்கும்போதே கூட்டியாரணும்

அதாங்க்கா, உள்ள பல்லு தந்தியடிக்கிற சத்தம் கேக்குதே, அது எங்க வூட்டுக்காரரு தான். ராஜாங்கம். சிரிக்காதீங்க, அவரு இப்பிடி நடுங்கணும்னு நான் வேண்டாத சாமி இல்ல.

சைகோன்ல பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்துட்டு கப்பலேறி வந்தவரு. வந்தப்ப கல்லு மாதிரி தான் இருந்தாரு. என்னைக் கட்டி வருசம் திரும்பல, காய்ச்சல் புடிச்சிக்கிச்சு. ஒருநாள் வுட்டு ஒருநாள் உதறும். அப்புறம் குப்புனு வேர்த்துரும், எழுந்து சோறு போடுன்னுவாரு. அவரு வேலை பாக்குற மில்லுல நடிக்கிறான்னுட்டாங்க. எங்க மாமியா காத்து கருப்புன்னு வேப்பிலை அடிச்சாங்க. அடிக்கிற அடியில கொறட்டை வுட்டாருக்கா மனுசன்!

இங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தா? எங்க! விரல்ல குத்தி, ரத்தத்தைக் கண்ணாடில தடவி, ஒத்தக் கண்ணை வச்சுப் பாத்துட்டு சுத்தமா இருக்கும்மான்னுடுவாங்க. ஒவ்வொரு வாட்டியும் அதே கதை. இப்ப புதுசா வந்திருக்க டாக்டரம்மா தான் சைகோனான்னு நிமிந்து பாத்தாங்க. அந்தப் பக்கத்துக் காய்ச்சல் கிருமி ஈரல்ல போயி மாசக்கணக்கா பதுங்கிக்குமாம். ஏதாச்சும் மாத்திரை முழுங்குறாரான்னாங்க. சத்தியமா இல்லன்னேன்.

வூட்டுல போயி அவரு பொட்டியத் தொறந்தா, கொயினா மாத்திரை, பட்டாளத்துல காய்ச்சலுக்குக் குடுக்குறது! ஆஸ்பத்திரிக்குக் கெளம்பும்போதெல்லாம் எனக்குத் தெரியாம ரெண்டு போட்டுக்கினு வந்திருக்காரு. அதைத் தின்னா கிருமி ரத்தத்துல ஆப்புடாதாம், ஆனா ஒழியவும் ஒழியாதாம். ஏன்யா இப்பிடின்னா, பட்டாளத்துல இருந்தவன் டாக்டரு முன்னால நடுங்கிக்கினு நின்னா மரியாதையாவா இருக்கும்னு கேக்குறாரு! பொட்டியப் பூட்டிட்டேன். நடுங்கும்போதே கூட்டியாரணும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க, இன்னைக்கு உதறல் எடுத்ததும் ரிக்‌ஷாவுல தூக்கிப் போட்டுக்கினு வந்துட்டேன். வழியெல்லாம் போர்வைக்குள்ள இருந்து திட்டு.

இருங்க, நர்சம்மா கூப்புடுறாங்க. என்னம்மா? இருக்கா? நல்லா பாத்தீங்களா?

அக்கா, இருக்குதாங்க்கா! மலேரியாவாம்! பாருங்க, எதுத்தாப்புல குந்தியிருக்குற பொண்ணு என்னைப் பைத்தியம்னு பாக்குது. பாத்துட்டுப் போவட்டும். மருந்து இருக்காம், வுடாம சாப்ட்டா சரியாயிடுமாம். சைகோன்லயே புடிச்சு கூடவே கப்பலேறி வந்த காய்ச்சலுன்னு டாக்டரம்மாவே எங்க மாமியாகிட்ட சொல்றாங்களாம்.

அழுவலக்கா, கண்ணுல தூசி.

இந்த மூட்டையா? அவரு துணி இல்லக்கா, எந்துணி. நான் வந்த ராசி தான் காய்ச்சலுன்னு மாமியா முடிவே பண்ணிட்டாங்க. இன்னைக்கும் சுத்தம்னு வந்தா, இப்பிடியே பஸ் ஏறி எங்கம்மா வூட்டுக்குப் போயிடுன்னு கட்டிக் குடுத்தாங்க.

கொஞ்சம் இதைப் புடிங்க, பழைய பொடவை ஒண்ணு எடுத்துக்கிறேன். அவருக்கு வேர்க்கிற நேரமாச்சு, தொடச்சு வுடணும்.