திரையில் இல்லாத விமானம்

என் பெயர் மார்லிஸ் டொக்கன். வயது நாற்பத்திரண்டு. ஹெட்ரிக் கவுண்டி, வேரா என்ற ஊரில் தனியாகக் குடியிருக்கிறேன். கோதுமை வயல்களுக்கு விமானத்திலிருந்து மருந்து தெளிப்பது என் தொழில். மருத்துவமனையில், போலீஸ் அதிகாரியான உங்களிடம், சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

என் விமானம் எங்கே பறக்கிறது என்று மற்ற விமானங்களுக்குத் தெரிவிக்க அதில் ஒரு கருவி உண்டு. ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வைத்தது. ஆனால் யார் வேண்டுமானாலும் அதைச் செல்போனில் பார்க்கலாம். நான் விவாகரத்து செய்த டேரல் என்பவர் அதைப் பார்த்து, நான் இறங்கும் விமானத் திடலுக்கெல்லாம் முன்னதாகவே வந்து வண்டியில் உட்கார்ந்திருப்பார். கேட்டதற்கு, "பறக்கிறவ எப்பவாச்சும் எறங்கித்தானே ஆகணும்" என்றார்.

போலீசில் சொன்னேன். அங்கே நிற்பது குற்றமில்லை என்றார்கள். அதன் பிறகு மாநில சட்டமன்றக் குழு முன்பும் போய்ச் சொன்னேன். சட்டம் வந்தது. அந்தத் தகவலை வைத்து விமானிகளிடம் தரையிறங்கும் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று அதில் இருந்தது. ஆளைப் பின்தொடரக் கூடாது என்ற பிரிவை எடுத்துவிட்டிருந்தார்கள்.

அதன் பிறகு சக விமானி வெண்டல் ஹாகன், "அந்தக் கருவிய அணைச்சுட்டுப் பற புள்ள. ரேடியோவுலயும் பேசாத, அவன் ஒட்டுக்கேப்பான். கெளம்பறப்ப எனக்கு ஒரு போன் போட்டாப் போதும்" என்றார். எங்கள் திடலில் விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டுதான் ஏறி இறங்குவோம். நான் மட்டும் கருவியை அணைத்து, அப்படிச் சொல்வதையும் விட்டேன்.

நேற்றுக் காலை மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது டேரலின் வண்டி உள்ளே வந்தது. ஒவ்வொரு திடலாகத் தேடியிருக்கிறார். அவர் இறங்கி என்னை நோக்கி நடந்து வந்தார். நான் ஏறி விமானத்தைக் கிளப்பினேன். போன் செய்யவில்லை. ரேடியோ கேட்கும் ஹெல்மெட்டை மாட்டவில்லை, அதனால் வெண்டல் இறங்கப்போவதாக ரேடியோவில் சொன்னது என் காதில் விழவில்லை. கண்ணெல்லாம் டேரல் மேல் இருந்தது. ஓடுபாதையின் எதிர்முனையில் வெண்டல், வெயில் கண்ணைக் கூச இறங்கிக்கொண்டிருந்தார். என் சக்கரம் அவர் இறக்கையில் மோதியது. இருவரும் விழுந்தோம்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது அவருக்கு உயிர் இருந்தது. "நீ சொல்லலியே புள்ள" என்றார். அங்கேயே இறந்துபோனார்.

ஆம்புலன்சை அழைத்தவர் டேரல். அதற்காக நீங்கள் இந்த வராந்தாவில் அவருக்கு நன்றி சொன்னது எனக்குக் கேட்டது. அவர் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

கருவியை அணைப்பது குற்றம் என்று தெரிந்தேதான் அணைத்தேன். வழக்கு போடுங்கள். சிறையில் வைத்தால், என்னைப் பார்க்க வருபவர்களில் டேரலை அனுமதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னதுதான், நடந்ததும் அதுதான்.

(ஒப்பம்) மார்லிஸ் டொக்கன்