நடுப் பெடல்

1981 அக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, பாக்தாத்தின் கர்ராதா பகுதியில், பொறியாளர் லுவாயின் மகள் மய்சூனுக்கு முதல் பியானோ பாடம் எடுத்தேன். அவளுக்கு எட்டு வயது.

புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். தாளைப் பார்க்காமல் விரலைப் பார்ப்பார்கள். அதைத் திருத்த மூன்று மாதமாவது ஆகும். பகலில் எனக்கு வங்கியில் எழுத்தர் வேலை. சம்பளம் போதவில்லை என்று மாலையில் பாடம் எடுக்கத் தொடங்கினேன். வாரத்துக்கு ஒன்பது வீடுகள் இருந்தன. இந்த விசாரணையில் நீங்கள் கேட்பது இந்த ஒரு வீட்டைப் பற்றித்தான். சொல்கிறேன்.

அந்த ஆகஸ்டில் என் தம்பி சர்கோன் பஸ்ராவுக்குக் கிழக்கே ஈரான் போர்முனையில் இருந்தான். அபு ராத் என்று சொல்லிக்கொண்ட உளவுத்துறை ஆள் ஒருவர் வங்கிக்கு வந்தார். எனக்கும் சேர்த்துத் தேநீர் வரவழைத்தார்.

"உஸ்தாத் பெஹ்னாம், நல்ல நல்ல வீட்டுக்குள்ள எல்லாம் போயிட்டு வர்றீங்க. காதுல விழறதை எழுதிக் குடுங்க, போதும். தம்பியை நாங்க பார்த்துக்கறோம்" என்றார்.

செப்டம்பரில் தம்பியைப் பாக்தாத்தில் ஒரு ராணுவக் கிடங்குக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகும் எழுதாமல் இருப்பது நன்றி கெட்டதனமாகப் பட்டது.

பியானோ ஆசிரியரின் காது முழுவதும் பிள்ளையின் மேல் இருக்கிறது என்றுதான் பெரியவர்கள் நினைக்கிறார்கள். பிள்ளை வாசிக்கும்வரை பக்கத்து அறையில் பேச்சு தடையில்லாமல் ஓடும். வாசிப்பு நின்றால் பேச்சும் நின்றுவிடும். அதனால் மய்சூனை நான் நிறுத்தவிடுவதில்லை. ஆனால் அவள் ஓங்கி வாசித்தால் எனக்கு எதுவும் கேட்காது. அந்த வகைப் பியானோவில் நடுப் பெடலை அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினால், சுத்தியல்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே ஒரு கம்பளித் துணி இறங்கும். ஒலி அமுங்கிவிடும்.

"உஸ்தாத், எனக்கே கேக்கலையே."

"விரலுக்குத் தெரிஞ்சாப் போதும் கண்ணு. நிறுத்தாதே."

அவள் அம்மா சுவாதுக்கு இது மிகவும் பிடித்திருந்தது. "இப்பத்தான் மாடி வீட்டம்மா சண்டைக்கு வர்றதில்ல. முன்னே எல்லாம், யாரு பூனையை மிதிச்சதுன்னு கேட்டுக்கிட்டு வருவா" என்றாள்.

பாடம் எடுக்கும்போது நான் உட்கார்வதில்லை. பியானோவுக்கும் உள்கதவுக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பேன். தாளத்துக்கு விரலைச் சொடுக்குவேன். உட்கார்ந்தால் கால் பரபரக்கும். இன்றும் அப்படித்தான். நான் இங்கே நடந்துகொண்டே பேசுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுவாதின் தம்பி நிசார் ராணுவத்தில் இருந்தான். நவம்பரில் விடுப்பில் வந்து அங்கே தங்கினான்.

"கேட்டியா மச்சான், இன்னிக்கும் பதினோரு விமானமாம்" என்றார் லுவாய். "இதுவரை நம்மாளுங்க சுட்டதைக் கூட்டிப் பார்த்தா, அவங்ககிட்ட அத்தனை விமானமே கிடையாது."

"ஒண்ணையே திரும்பத் திரும்பச் சுடறாங்க போல. நல்ல விமானம். சலிக்காம வந்து விழுது."

"ரெண்டு பேரும் வாயை மூடறீங்களா? வெளியே ஆள் இருக்கு" என்று சுவாத் அதட்டினாள்.

"யாரு, பெஹ்னாமா? பாவம், உன் பொண்ணு வாசிக்கறதைக் கேட்டுக் கேட்டே அவர் செவிடாயிருப்பார்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அதை நான் எழுதவில்லை. ஒரு நகைச்சுவைக்காக ஒருவரைக் காட்டிக்கொடுப்பது முறையல்ல.

டிசம்பர் முதல் தேதியும் செவ்வாய்க்கிழமைதான். நிசாரின் விடுப்பு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவன் திரும்பிப் போகவில்லை.

"வெள்ளிக்கிழமை அவனை என் ஆபீஸ் வண்டியிலேயே மோசூல் கூட்டிட்டுப் போயிடறேன். அங்கேர்ந்து குர்து மலைக்கு" என்றார் லுவாய்.

"பிடிச்சா சுட்டுடுவாங்க. உங்களையும் சேர்த்து."

"தெரியும் சுவாத். அழாதே, குழந்தை வாசிக்குது."

அன்று மாலை எழுதினேன். பெயர், நாள், வண்டி. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. வியாழக்கிழமை லுவாயை அலுவலகத்திலேயே வைத்து அழைத்துப் போனார்கள். நிசார் அதற்குள் வீட்டை விட்டுப் போயிருந்தான்.

டிசம்பர் 8 அன்று வழக்கமான நேரத்துக்குப் போனேன். சுவாத் கதவைத் திறந்தாள்.

"எங்கக்காவைத் தவிர சொந்தக்காரங்களே இந்தத் தெருப் பக்கம் வர்றதில்ல உஸ்தாத். நீங்க வந்துட்டீங்க."

அந்த வாரம் நான் பணம் வாங்கிக்கொள்ளவில்லை. அப்பா இல்லாத பிள்ளைக்கு ஒழுங்கு தேவை என்று மய்சூனை முழு அரைமணி நேரமும் வாசிக்கவைத்தேன். உள்ளே சுவாத் தன் அக்காவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "காதிமிய்யாவுல பெரியம்மா வீட்டுல இருக்கான். அவனாவது தப்பிக்கட்டும்."

மறுநாள் நிசாரைப் பிடித்தார்கள்.

தம்பிக்காகவா என்று கேட்டீர்கள். தம்பிக்காகத்தான். ஆனால் உங்கள் கோப்பில் தேதி இருக்கும். கண்பார்வை சரியில்லை என்று சர்கோனை நவம்பர் நடுவிலேயே ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். அபு ராத் அதற்குப் பிறகு என்னைத் தேடி வரவில்லை. அந்த இரண்டு தாள்களையும் நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவது என் வழக்கமில்லை.

டிசம்பர் 15 அன்று நான்கு மணிக்குப் போனேன். வெளிக்கதவைப் பூட்டி அரசு முத்திரை வைத்திருந்தார்கள். பத்து நிமிடம் காத்திருந்தேன். பிறகு ஐந்து மணிப் பாடத்துக்காக அடுத்த தெருவுக்கு நடந்தேன்.